கேட்காமல் கிடைத்தவை: களப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எங்கள் மாலை வகுப்புக்குச் சொல்லித்தர வருகிறவர்களில் பாதிப் பேர் நகரத்துக் கல்லூரி மாணவர்கள், மீதிப் பேர் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள். வந்த அன்றே சாக்பீஸைக் கையில் எடுக்கத் துடிப்பார்கள். நான் கொடுப்பதோ ஒரு நாற்பது பக்க நோட்டும் இரண்டு வார வேலையும். உலகத்தில் யாரிடம் என்ன இருக்கிறது, நம் நாட்டில் யாரிடம் என்ன இருக்கிறது, அதில் நான் எங்கே நிற்கிறேன் என்று ஒருமுறையாவது எண்ணிப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் வாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

எண்ணாமல் போனால் பிள்ளைகளைக் காயப்படுத்திவிடுவோம். நான் செய்திருக்கிறேன். முதல் வருடம், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தேன். அவள் வீட்டில் கரண்ட் இல்லை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவளாகச் சொல்லவில்லை. அவள் தங்கச்சி சொன்னாள்.

அந்த இரண்டு வார வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர், கிராமத்தில் ஆய்வு செய்யப் போகிற மாணவர் யாரும் செய்து பார்க்கலாம். தனியாகச் செய்வதைவிட நாலைந்து பேர் சேர்ந்து செய்தால் நல்லது. காரணம் இரண்டாம் படியில் தெரியும்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

ஆங்கிலத்தில் பிரிவிலேஜ் (privilege) என்கிறார்களே, இந்த நோட்டு அதைப் பற்றியதுதான். அதைத் தமிழில் பலரும் ‘சலுகை’ என்று எழுதிவிடுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. நம்மூரில் சலுகை என்றால் பஸ் பாஸ், உதவித்தொகை, கட்டணக் குறைப்பு. அதற்கு விண்ணப்பம் வேண்டும், சான்றிதழ் வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், கவுண்டரில் இருப்பவரின் பார்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிரிவிலேஜ் இதற்கு நேர் எதிர். யாரும் விண்ணப்பம் கேட்பதில்லை. பிறந்த வீட்டோடு, தெருவோடு, மொழியோடு, உடம்போடு சேர்ந்து வந்துவிடுகிறது. அதனால் நாங்கள் வகுப்பில் அதைக் ‘கேட்காமல் கிடைத்தது’ என்றே சொல்கிறோம்.

அதே காரணத்தால் இட ஒதுக்கீட்டைக் ‘கேட்காமல் கிடைத்தது’ பட்டியலில் சேர்க்காதீர்கள். இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த மெட்ராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை நீதிமன்றம் செல்லாது என்றபோது, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவு 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. கேட்காமல் சிலருக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்ததை மற்றவர்கள் கேட்டு, போராடி, சட்டமாக்கி வாங்கிய உரிமை அது. இந்த வித்தியாசம் மனதில் பதிந்தால்தான் மற்ற படிகள் பிடிபடும்.

முதல் படி: ஒரு வாரத் தண்ணீர்க் கணக்கு

நோட்டின் முதல் பக்கத்தில் ஏழு நாள் கணக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, யார் பிடித்து வைக்கிறார்கள், மாதம் என்ன செலவு. குடக் கணக்கு போதும். ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும்.

சுவிட்சைத் தட்டினால் மாடித் தொட்டி நிரம்பும் வீடு என்றால் எண்ணுவதற்கே எதுவும் இருக்காது. அப்போது ‘எண்ண முடியவில்லை’ என்று எழுதுங்கள். இந்த நோட்டிலேயே முக்கியமான வரி அதுதான். குடத்தை எண்ணாமலே வளர்ந்தவருக்கு, எண்ணி எண்ணி வளர்ந்த பிள்ளை ஏன் தாமதமாக வருகிறது என்று புரியாது.

பிறகு அரசின் அளவுகோலோடு ஒப்பிடுங்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைக்கிறார்கள். கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு இது 36 குடத்துக்கும் 15 குடத்துக்கும் உள்ள தூரம்.

‘யார் பிடிக்கிறார்கள்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் அம்மா, அக்கா, பாட்டி என்றுதான் வருகிறது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வும் இதையே சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்களில், பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இது நம் நாட்டோடு முடிவதில்லை. உலகத்தில் 180 கோடிப் பேர் வீட்டு வளாகத்துக்குள் தண்ணீர் வசதி இல்லாமல் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. அமைப்புகளின் 2023 அறிக்கை கூறுகிறது. அத்தகைய பத்து வீடுகளில் ஏழில் தண்ணீர் சுமப்பது பெண்களும் பெண்பிள்ளைகளும்தான்.

2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். மழை எல்லாருக்கும்தான் பொய்த்தது. ஆனால் சில வீடுகளுக்கு அது தனியார் லாரிக்குக் கொடுத்த கூடுதல் பணமாக முடிந்தது. சில வீடுகளில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குடத்தை வரிசையில் வைத்தார்கள். ஆக, எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, குறையும்போது யார் தலையில் விழுகிறது என்பதையே கவனியுங்கள்.

யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற கணக்கும் தண்ணீருக்குள் இருக்கிறது. 1927-இல் மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலமாகப் போக வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதைக் குடித்துப் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தெரிந்தது. இதையெல்லாம் வரலாற்றுப் பாடம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

இரண்டாம் படி: மூன்று தலைமுறை அட்டவணை

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமே ஆகட்டும். மூன்று வரிசை: தாத்தா பாட்டி, அப்பா அம்மா, நீங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து கேள்வி. எத்தனாவது வரை படித்தார்? எந்த மொழியில்? என்ன வேலை, அந்த வேலையை யார் வாங்கிக் கொடுத்தார்? குடியிருந்த இடம் யார் பெயரில் இருந்தது? அவசரத்துக்கு யாரிடம் கடன் கேட்க முடிந்தது? பெரியவர்களிடம் போன் போட்டுக் கேளுங்கள். பாட்டிகளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒரே மாதிரி வேலை, கிட்டத்தட்ட ஒரே சம்பளம். முதலாமவர் எடுத்ததும் சொன்னார்: “எங்க அப்பா வெறும் கையோட மெட்ராஸ் வந்தவர்க்கா. எல்லாம் உழைப்புதான்.” சரி, அட்டவணையை நிரப்பிவிட்டுப் பேசலாம் என்றேன். அப்பாவின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் ஏது என்ற இடத்தில் நின்றார். வீட்டுக்குப் போன் போட்டார். தாத்தா வீட்டு மனையை அடமானம் வைத்துத்தான் கட்டினார் என்றார்கள். அடமானம் வைக்க முடிந்தது எப்படி? மனைக்குப் பட்டா இருந்தது.

இரண்டாமவர் நோட்டில் அதே கட்டத்தில் ‘புறம்போக்கு’ என்று ஒற்றைச் சொல் இருந்தது. அந்தக் குடிசையை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. அவர் அப்பா கட்டட வேலைக்குப் போய், தண்டலுக்கு வாங்கி, மகனைப் படிக்க வைத்தார். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் காட்டிக் கல்விக் கட்டணத்தில் விலக்கு வாங்கிப் படித்தவர் இவர். தண்டல் பாக்கியை வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம்தான் அடைத்தாராம். இரண்டு நோட்டும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. முதலாமவர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல், தன் நோட்டில் ‘பட்டா’ என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சேர்ந்து செய்யுங்கள் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். ஒரு நோட்டைத் தனியாகப் பார்த்தால் அதில் உழைப்பு மட்டும்தான் தெரியும்.

உழைப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. முதலாமவரின் அப்பாவும் ராப்பகலாக உழைத்தவர்தான். உழைப்பு காலூன்ற ஒரு துண்டு நிலம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

நிலக் கட்டத்தை நிரப்பும்போது இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பாட்டி பெயரில் ஏன் எதுவும் இல்லை என்பது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989-இல். அதுவும் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. நாடு முழுவதற்கும் 2005-இல்தான் வந்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிப் பங்குகளில் பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 சதவீதம். இரண்டு, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அதில் பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. உங்கள் ஊரில் ‘பஞ்சமி’ என்ற பேச்சு எழுந்தால் காது கொடுத்துக் கேளுங்கள்.

மூன்றாம் படி: ஊரைச் சுற்றி ஒரு நடை

வகுப்பு நடக்கும் ஊரைக் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை நடந்து சுற்றுங்கள். கையால் ஒரு வரைபடம் போடுங்கள். ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், நூலகம், மேல்நிலைத் தொட்டி, பள்ளி, கோயில், டீக்கடை. ஊரும் காலனியும் எங்கே பிரிகின்றன, தார் ரோடு எங்கே முடிகிறது, தெரு விளக்கு எதுவரை எரிகிறது, சுடுகாடு ஒன்றா இரண்டா. இரண்டு மணி நேரம் போதும். யாரிடமும் சாதி கேட்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். வரைபடமே சொல்லிவிடும்.

நான்காம் படி: சராசரிக்குள் எட்டிப் பார்ப்பது

இப்போது நாட்டுக் கணக்குக்கு வருவோம். 2020-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. கேரளத்தில் இது 6, தமிழ்நாட்டில் 13, பிகாரில் 27, மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரே கொடி, ஒரே அரசியலமைப்பு, ஆனால் எந்த மாநிலத்தில் பிறக்கிறோம் என்பதை வைத்து உயிர் பிழைக்கும் வாய்ப்பே மாறுகிறது. தமிழ்நாட்டில் பிறந்ததே பலருக்குக் கேட்காமல் கிடைத்த ஒன்று. இதைச் சொன்னால் சிலர் பெருமையோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தாமல் மாவட்டத்துக்குள் போங்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019-21) மாவட்டத் தரவுத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் மாவட்டத்தையும் இன்னொரு மாவட்டத்தையும் எடுத்து மூன்று வரியை மட்டும் ஒப்பிடுங்கள்: மேம்பட்ட கழிப்பிட வசதி, பத்தாண்டோ அதற்கு மேலோ படித்த பெண்கள், ரத்தசோகை உள்ள குழந்தைகள். அதற்கு மேல் முதல் நாளே எடுத்தால் எண்ணுக்குள் மூழ்கிவிடுவீர்கள்.

சராசரி யாரை மறைக்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம், பழங்குடியினர் 1.1 சதவீதம். நூற்றுக்கு ஒன்று என்பதால் எந்தச் சராசரியிலும் பழங்குடியினர் தெரியமாட்டார்கள். எங்கள் பக்கத்து இருளர் குடும்பங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் விஷத்திலிருந்துதான் இந்தியாவின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அதே இருளர் பிள்ளைகள், சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் பள்ளிப் படிப்போடு நின்றுபோவதை நாங்கள் வருடா வருடம் பார்க்கிறோம். உலகமே கூப்பிட்டு அனுப்பும் அறிவு அந்த வீட்டில் இருக்கிறது. ஒரு தாள் இல்லை. வளம் என்ற சொல்லைப் பணம் என்று மட்டும் படிக்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மொழியும் அப்படித்தான். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள். பத்தாயிரம் பேருக்கு மேல் தாய்மொழியாகக் கொண்டவை 121 என்று 2011 கணக்கெடுப்பு காட்டியது. டெல்லியில் ஒரு அரசு அலுவலகத்தில் இந்தி தெரியாமல் நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால், அதை எழுதிவையுங்கள். அடுத்த வரியில், திருப்பூரில் ஒரு பிகார் தொழிலாளி எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லத் தெரியாமல் நிற்பதை எழுதுங்கள். அங்கே நமக்கு இல்லாதது இங்கே நமக்கு இருக்கிறது.

ஐந்தாம் படி: உலகக் கணக்கு

இது பத்து நிமிட வேலை. வீட்டின் மாத வருமானத்தைத் தலைக்கு, நாளுக்கு என்று பிரியுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு 30,000 ரூபாய் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய். உலக வங்கி வறுமையை அளக்கப் பயன்படுத்தும் டாலர் நாம் சந்தையில் மாற்றும் டாலர் இல்லை; அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்தது. இந்தியாவில் அது ஏறத்தாழ 20 ரூபாயை ஒட்டி வரும். 250-ஐ 20-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை டாலர்.

2025 ஜூனில் உலக வங்கி கடும் வறுமைக் கோட்டை நாளுக்கு 3 டாலராக மாற்றியது. உயர் நடுத்தர வருமான நாடுகளுக்கு வைத்திருக்கும் கோடு 8.30 டாலர். மாசக் கடைசியில் தடுமாறும் நம் 30,000 ரூபாய்க் குடும்பம் இந்தக் கோடுகளுக்கு மேலே நிற்கிறது. இதைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள், சிலருக்குக் கோபமே வரும். வருமானம் ஒரு பக்கம்தான் என்று அப்போது சொல்வேன். சொத்துக் கணக்கில் படம் வேறு. 2022 உலகச் சமத்துவமின்மை அறிக்கையின்படி உலகச் சொத்தில் 76 சதவீதம் மேல்மட்டப் பத்து சதவீதத்தினரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்கள் அனைவருக்கும் சேர்த்து 2 சதவீதம். மண்ணுக்கு அடியில் வளம் இருந்தால் போதும் என்பதும் இல்லை. உலகின் கோபால்ட் உலோகத்தில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. நம் போன் பேட்டரிக்குள் இருப்பது அதுதான். அந்த மக்கள் உலகின் மிக ஏழைகளில் இருக்கிறார்கள்.

கடைசியாகக் குடியுரிமை. நம்மில் பெரும்பாலானவர்கள் இதை ஒரு வளமாக நினைத்தே பார்த்ததில்லை. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டார்கள். தேயிலை பறித்த அந்தக் கைகளில் அந்த முடிவு இல்லை. இன்று தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஈழத்தமிழர் பிள்ளைகளைப் பாருங்கள். இங்கேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அதே பாடப்புத்தகம் படிக்கிறார்கள். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தது மட்டும் குடியுரிமைக்குப் போதாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் பாஸ்போர்ட் எடுக்கவும் உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு, பக்கத்து பெஞ்சில் இருந்தவருக்கு மூடியிருக்கிறது. நோட்டில் இதையும் எழுதுங்கள்.

ஆறாம் படி: வகுப்புக்குள்

இப்போது சாக்பீஸை எடுக்கலாம். அறிமுகத்தின்போது “அப்பா என்ன வேலை?” என்று கேட்காதீர்கள். “லீவுக்கு எங்கே போனீங்க?” என்ற கட்டுரைத் தலைப்பும் வேண்டாம். செருப்பு, சட்டை, சாப்பாட்டு டப்பா பற்றி எந்தப் பேச்சும் வேண்டாம், பாராட்டாகக்கூட. உங்கள் நோட்டைப் பிள்ளைகளிடம் படித்துக்காட்டி மன்னிப்புக் கேட்கும் வேலையும் வேண்டாம். குற்ற உணர்ச்சியோடு சிலர் வருவார்கள். இரண்டு மாதத்தில் களைத்துப் போய்விடுவார்கள். உங்களுக்குக் கேட்காமல் கிடைத்த ஒன்றை அவர்களுக்குப் பயன்படும்படி செலவழியுங்கள். ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பத் தெரியுமா, இ-சேவை மையத்துக்குக் கூடப் போங்கள். அலுவலகத்தில் உங்கள் பேச்சுக்கு மரியாதை கிடைக்கிறதா, சாதிச் சான்றிதழ் மனுவோடு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பேச வேண்டியதை அவர்களே பேசட்டும்.

அப்புறம், வருகைப் பதிவேட்டை வாரம் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். போன வருடம் புதிதாக வந்த ஒரு தன்னார்வலர், பெண்பிள்ளைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் வராமல் இருப்பதைக் கவனித்தார். பழைய பதிவேட்டில் ‘ஆர்வமில்லை’ என்று யாரோ குறித்து வைத்திருந்தார்கள். இவர் தன் தண்ணீர்க் கணக்குப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வருகிறது என்று விசாரித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. எங்கள் வகுப்பும் ஐந்தரைக்குத்தான்.

ஏழு மணிக்கு மாற்றினோம். முதல் நாளே பதினோரு பெண்பிள்ளைகள் வந்தார்கள். நாலைந்து பேருக்குப் பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது.